குன்னூர்ப் பழந்தோட்டம்: முதலில் பத்திரம், பிறகு வாசல்

கேள்வி: குன்னூரில் எங்கள் குடும்பத்துக்குப் பழைய பங்களா ஒன்றும் அதைச் சுற்றி 5.5 ஏக்கர் தோட்டமும் உள்ளன. 1890-களில் ஒரு வெள்ளைக்காரத் துரை போட்ட தோட்டம்; 1951-இல் தாத்தா வாங்கினார். ஆறு அடுக்குக் கல் கட்டு, கமேலியா வரிசை, பெரிய மக்னோலியா, சைப்ரஸ், காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) எல்லாம் இன்றும் நிற்கின்றன. அப்பாவுக்குப் பின் நாங்கள் மூவர் பங்குதாரர்கள். கனடாவில் இருக்கும் தம்பி தன் பங்குக்குப் பணம் கேட்கிறான். ஒரு ரிசார்ட் கம்பெனி மொத்தமாக விலை பேசுகிறது. எனக்கும் அக்காவுக்கும் விற்க மனமில்லை. ஊர் மக்கள் வந்து பார்க்கும் தோட்டமாக இது என்றைக்கும் இருக்க வேண்டும். போன மே மாதம் ஒரு ஞாயிறு வாசலைத் திறந்துவிட்டோம். முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். புல்தரை இன்னும் தேறவில்லை. மேல் அடுக்கில் ஒரு சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. எனக்கு வயது 66, பங்களாவில் நான்தான் இருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள அம்மா,

சிமென்ட் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறோம். சுவரைத் திருப்பிக் கட்டலாம், புல்லும் முளைக்கும். கைவிட்டுப் போனால் திரும்பாதது நிலத்தின் உரிமை. பிரியாமல் கிடக்கும் அந்த மூன்று பங்குதான் உங்கள் தோட்டத்துக்கு உள்ள பெரிய ஆபத்து. அதைத் தீர்க்காமல் வாசலைத் திறந்தால், நீங்கள் போடும் ஒவ்வொரு ரூபாயும் நாளைக்கு வாங்குகிறவருக்குச் செய்த சேவையாகப் போய்விடும்.

பிரியாத சொத்தில் ஒரு பங்குதாரர் தன் பங்கை வெளியாருக்கு விற்கலாம். மற்றவர்கள் கையெழுத்து தேவையில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு குடும்பம் வசிக்கும் வீட்டுக்குள் அப்படி வாங்கிய வெளியார் வந்து உட்கார முடியாதபடி தடுக்கிறது. பங்களாவுக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஐந்து ஏக்கர் தோட்டமும் வீட்டோடு சேர்ந்ததுதானா என்பது வழக்கில் வாதாட வேண்டிய விஷயம். இன்னொன்றையும் கவனியுங்கள். 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, நியாயமாகப் பிரிக்க முடியாத சொத்தை, பாதிப் பங்கு அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள் கேட்டால், நீதிமன்றம் விற்றுப் பணமாகப் பிரித்துக் கொடுக்க உத்தரவிடலாம். தம்பிக்கு இருப்பது மூன்றில் ஒன்று. தனியாக அவரால் இதைக் கேட்க முடியாது. நாளைக்கு உங்கள் அக்காவின் பிள்ளைகள் அவரோடு சேர்ந்தால் மூன்றில் இரண்டு ஆகிவிடும். ஆகவே இப்போது, நீங்கள் மூவரும் பேசிக்கொள்ளும் நிலையில் இருக்கும்போதே, இதை முடியுங்கள்.

தம்பி பணம் கேட்பதில் தவறு எதுவும் இல்லை, அது அவருடைய உரிமை. கையில் பணம் இருந்தால் பங்கை விலைக்கு எடுத்துக்கொண்டு விடுதலைப் பத்திரம் வாங்கிப் பதிவு செய்வது எளிது. இல்லையென்றால் நிலத்தில் பிரித்துக் கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு என்றால் சுமார் 1.83 ஏக்கர். ஆனால் பிரிப்பது மதிப்பைப் பார்த்துத்தான். ரோட்டோரம் உள்ள நிலத்துக்கு விலை அதிகம் என்பதால், அங்கே குறைந்த பரப்பிலேயே கணக்கு நேராகிவிடும். பழைய தோட்ட அமைப்பு எதுவும் இல்லாத ஓரத்தை, அதாவது கல் கட்டோ, பழைய பாதையோ, மேல் அடுக்கிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்க்கும் பார்வைக்கோடோ வராத பகுதியை அதற்குத் தேர்ந்தெடுங்கள். ஓரத்தைக் கொடுத்து நடுவைக் காப்பாற்றுவது தோல்வி இல்லை. உலகில் காப்பாற்றப்பட்ட பல பழந்தோட்டங்கள் இப்படி ஓரத்தை இழந்தவைதான்.

அந்த ஓரத்துக்கு ஒரு கட்டுப்பாடு போட முடியும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 11, 40-ஆம் பிரிவுகள் பக்கத்து நிலத்தின் அனுபவத்துக்காக ஒரு நிலத்தில் 'இதைச் செய்யக் கூடாது' என்ற நிபந்தனை வைக்க இடம் தருகின்றன. பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்: இத்தனை மீட்டருக்கு மேல் கட்டடம் எழக் கூடாது, எல்லையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் மண் வெட்டக் கூடாது, மழைநீரைத் தோட்டத்துப் பக்கம் திருப்பக் கூடாது. பதிவான பத்திரத்தில் இருந்தால் பின்னால் வாங்குகிறவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. 'அழகு கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்பது போன்ற பொது வாசகம் நீதிமன்றத்தில் நிற்காது. அளவோடு, வரைபடத்தோடு எழுத வேண்டும்.

அமெரிக்காவில் இருப்பது போல நிலத்தை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு, பாதுகாப்பு உரிமையை மட்டும் ஓர் அமைப்புக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம் 1882-ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் (பிறர் நிலத்தின் மேலான அனுபவ உரிமை) சட்டப்படி அத்தகைய உரிமை இன்னொரு நிலத்தின் நன்மைக்காகத்தான் இருக்க முடியும். பக்கத்தில் நிலம் இல்லாத ஓர் அமைப்புக்கு அதைக் கொடுக்க வழியில்லை. உயிலில் 'என் வாரிசுகள் எக்காலமும் விற்கக் கூடாது' என்று எழுதுவதும் பயன்படாது. முழு உரிமையைக் கொடுத்துவிட்டு விற்பனையை மட்டும் அடியோடு தடுக்கும் நிபந்தனை செல்லாது.

மிச்சம் இருக்கும் வழி பொது அறக்கட்டளை. சொத்தை என்றென்றைக்கும் கட்டிப்போடுவதைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனால் அறிவு வளர்ச்சி, ஆரோக்கியம், மனிதகுலத்துக்குப் பயன்படும் நோக்கம் ஆகியவற்றுக்காகப் பொதுமக்களின் நன்மைக்குக் கொடுக்கும் சொத்துக்கு 18-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. 'என்றைக்கும்' என்ற உங்கள் சொல்லுக்குச் சட்டத்தில் இடம் இருப்பது அங்கேதான். குடும்ப உறுப்பினர்களுக்கு மட்டும் பயன்படும் தனியார் அறக்கட்டளைக்கு இந்த விலக்கு கிடைக்காது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். லாப நோக்கற்ற கம்பெனியாகவும் தொடங்கலாம். ஆனால் நாளைய இயக்குநர்கள் தீர்மானம் போட்டுச் சொத்தை விற்க அதில் வழி கூடுதல். எங்கள் தேர்வு அறக்கட்டளையே.

பத்திரத்தை வழக்கமான மாதிரிப் படிவத்தில் எழுத விடாதீர்கள். தோட்டத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, மூன்றாண்டுக்கு மேல் குத்தகை கூடாது, அறக்கட்டளை கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னொரு பொது அறக்கட்டளைக்கே போக வேண்டும் என்பவை கட்டாயம் இருக்க வேண்டும். அறங்காவலர் ஏழு பேர். குடும்பத்தார் இரண்டுக்கு மேல் வேண்டாம். தோட்டக்கலை தெரிந்தவர், ஆடிட்டர், வழக்கறிஞர், ஊர்க்காரர் ஒருவர் இருக்கட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதவிக்காலம் முடிய வேண்டும். பரம்பரை அறங்காவலர் என்ற வாசகம் நுழைந்துவிட்டால், இப்போது பங்குதாரர்களிடம் இருக்கும் சண்டை இரண்டு தலைமுறையில் அறங்காவலர்களிடம் வந்து நிற்கும். எதைக் காக்கிறோம் என்பதையும் பத்திரத்தோடு இணையுங்கள்: அளவை வரைபடம், மரப் பதிவேடு, படங்கள். 'தோட்டத்தைப் பாதுகாப்பது' என்று மட்டும் எழுதினால், கமேலியா வரிசையைப் பிடுங்கிவிட்டுச் செயற்கை நீரூற்று வைப்பவரும் பாதுகாத்ததாகவே சொல்வார்.

நோக்கத்தை எழுதும்போது ஆடிட்டரிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லுங்கள். வருமான வரிச் சட்டத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பும், வரலாற்று அல்லது கலை முக்கியத்துவம் உள்ள இடங்களின் பாதுகாப்பும் தனித்தனி அறநோக்கங்களாகவே உள்ளன. 'பொதுப் பயன்பாடு' என்ற பொதுத் தலைப்பில் போய்ச் சேர்ந்தால், வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வரும். நாற்று விற்பனையும் தேநீர் விற்பனையும் அங்கே சிக்கும். ஆண்டு வரவில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும் என்ற விதியும் உண்டு. எனவே நிரந்தர நிதிக்கு வரும் நன்கொடையை, கொடுப்பவர் எழுத்துமூலம் 'மூலநிதிக்கு' என்று குறிப்பிட்டுத் தர வேண்டும்.

உங்களைப் பற்றியது ஒன்று. பங்களாவையும் அறக்கட்டளைக்கு எழுதிவிட்டு நீங்கள் வாடகையின்றி அங்கேயே இருந்தால், நிறுவியவருக்கே சொத்தின் பயன் போகிறது என்று வரிவிலக்குக்குச் சிக்கல் வரும். முதலில் தோட்டத்தை மட்டும் எழுதுங்கள். பங்களாவை உங்கள் ஆயுட்கால உரிமையை நிறுத்திக்கொண்டு செட்டில்மென்ட்டாகவோ, உயில் மூலமோ பிறகு சேர்க்கலாம். உயிலை மாற்ற முடியும் என்பதால் செட்டில்மென்ட் உறுதியானது.

இதையெல்லாம் உங்கள் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் செய்யட்டும் என்று விடாதீர்கள். இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகே உள்ள லுணுகங்கா தோட்டத்தைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் வாங்கினார். 1982-இலேயே அறக்கட்டளை அமைத்துவிட்டார். அவர் மறைந்தது 2003-இல். உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே அமைந்த அமைப்பு இன்று வழிகாட்டியோடு பார்வையாளர்களை அனுமதிக்கிறது, தங்கும் அறைகளையும் நடத்துகிறது. எந்தச் செடி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்; அறங்காவலர்கள் அதைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும்.

அடுத்தது பணம். வாசல் வசூல் தோட்டத்தைக் காப்பாற்றும் என்று நம்பி இறங்கியவர்கள்தான் முதலில் மூடுகிறார்கள். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறோம், தொகைகள் உதாரணத்துக்கே. தோட்டக்காரர் கூலி, காவல், தண்ணீர், கருவி, காப்பீடு, தணிக்கை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 18 லட்சம் என்று வையுங்கள். நுழைவுக் கட்டணம், நாற்று, ஆதரவாளர் சந்தா சேர்ந்து 8 லட்சம் வருகிறது. குறை 10 லட்சம். வங்கி வைப்பு 7 சதவீதம் தந்தாலும் அதை முழுக்கச் செலவழிக்கக் கூடாது. கூலியும் விலைவாசியும் ஏறுவதால் பாதியை மூலநிதியிலேயே திரும்பச் சேர்க்க வேண்டும். எடுக்கக்கூடியது 3.5 சதவீதம். 10 லட்சத்தை 0.035-ஆல் வகுத்தால் 2.86 கோடி. அவ்வளவு மூலநிதி இருந்தால்தான் அந்தத் தோட்டம் நிற்கும். பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் காக்கும் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு எவ்வளவு புகழ்பெற்ற மாளிகையாக இருந்தாலும் பராமரிப்பு நிதி இல்லாமல் ஏற்கத் தயங்குவது இதனால்தான். தேவைப்படும் நிதியைக் கணக்கிடவே அவர்களிடம் சோர்லி சூத்திரம் என்று ஒரு முறை இருக்கிறது. சுவர், கூரை போல பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய வேலைக்குத் தனி நிதி வேண்டும். அதை ஆண்டுச் செலவோடு கலக்காதீர்கள்.

நிதி சேராவிட்டால் செலவைக் குறைத்துத் தோட்டத்தை எளிமையாக்குங்கள். பருவப் பூச்செடிப் பாத்திகள்தான் கூலியை அதிகம் தின்பவை. அவற்றை விட்டுவிட்டால் கல் கட்டும் மரங்களும் பழைய புதர்களும் பாதி ஆட்களோடு வாழும்.

ஆவண வேலையை இந்தக் கோடைக்குள் முடிக்கலாம். டோட்டல் ஸ்டேஷன் கருவியோடு சர்வேயரைக் கூப்பிட்டு 1:200 அளவில், அரை மீட்டர் உயரக் கோடுகளோடு வரைபடம் எடுங்கள். சுவர், படி, பாதை, வாய்க்கால், மரம் எல்லாம் அதில் வர வேண்டும். எஃப்.எம்.பி. (புல அளவைப் புத்தக) வரைபடத்தோடு ஒப்பிட்டால் எல்லைச் சிக்கலும் இப்போதே தெரிந்துவிடும். ஒவ்வொரு மரத்துக்கும் எண், இனம், 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு, பழுது ஆகியவற்றைப் பதியுங்கள். எண் தகட்டை அலுமினிய ஆணியால் அடித்து, மரம் பருக்க 2 செ.மீ. இடைவெளி விடுங்கள். பன்னிரண்டு இடங்களில் குறியிட்டு, ஆண்டுதோறும் அதே மாதம் அதே இடத்தில் நின்று படம் எடுங்கள். தாத்தா காலத்துப் புகைப்படம், நர்சரி பில், கடிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். செத்துப்போன செடி எது என்று சொல்லப்போவது அந்தக் காகிதங்கள்தான்.

இனி சுவர். சாந்தில்லாத கல் கட்டு நிற்பதற்குக் காரணமே கல்லிடுக்கு வழியாகத் தண்ணீர் வெளியேறுவதுதான். இடுக்கைச் சிமென்ட்டால் அடைத்தால் ஐப்பசி மழையில் பின்னால் தண்ணீர் தேங்கி, மண் கனத்து, சுவர் மொத்தமாகச் சாயும். குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை எப்படிப் பெய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். 2009 நவம்பர் மண்சரிவுகளை மாவட்டம் மறக்காது. முதலில் அளந்து பாருங்கள். மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு, வயிறு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று மூன்று இடத்தில் குறியுங்கள். வாரம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். கூடிக்கொண்டே போனால் மழைக்கு முன் பிரித்தாக வேண்டும். நின்றுவிட்டால் தை முதல் சித்திரைக்குள் செய்யலாம். அதுவரை சுவருக்கு மேலே தண்ணீரைத் திருப்பிவிடும் ஆழமில்லாத வாய்க்கால் ஒன்று வெட்டி, மேல் பாதையையும் கீழ்ப் பாதையையும் கயிறு கட்டி மூடுங்கள்.

பிரிக்கும்போது ஒரே நேரத்தில் 3 மீட்டர் நீளத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது, மேல் மண் சரியும். கல்லுக்கு எண் போட்டு வரிசையாக அடுக்குங்கள். அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்க வேண்டும். முகம் மலைப்பக்கம் சற்றே சாய்ந்து ஏற வேண்டும். ஆறடிக்கு ஓரடி போதும். சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே போகும் நீளக் கல் சதுர மீட்டருக்கு ஒன்றாவது வேண்டும். வயிறு தள்ளும் சுவர்களில் பெரும்பாலும் இல்லாதது அதுதான். பின்னால் 30 செ.மீ. அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி. இடுக்கில் வளரும் பெரணியை விட்டுவிடுங்கள். சீகைக் கன்று, செஸ்ட்ரம் போன்ற கட்டைச் செடிகளைப் பிடுங்காமல் வெட்டுங்கள். பிடுங்கினால் வேரோடு கல்லும் வரும். பொக்லைன் வேண்டவே வேண்டாம். மாவட்டத்தில் அதற்கு அனுமதி தேவை என்பது ஒருபுறம் இருக்க, அது ஏறி இறங்கும் அதிர்வை நல்ல அடுக்குகளும் தாங்காது.

மரங்களுக்கு உங்களிடம் கேட்டுக்கொள்வது: அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் திட்டு கட்டாதீர்கள், பொந்தில் கான்கிரீட் நிரப்பாதீர்கள். திட்டு வேருக்குக் காற்றை அடைக்கிறது. கான்கிரீட் மரம் ஆடும்போது உள்ளே உரசி அழுகலைப் பெருக்குகிறது. வேர்ப் பாதுகாப்புக்குப் பிரிட்டிஷ் தர விதி ஒன்று கைக்கு எளிது. அடிமர விட்டத்தை 12-ஆல் பெருக்கினால் வரும் ஆரத்துக்குள் தோண்டவோ, மண் கொட்டவோ, வண்டி நிறுத்தவோ கூடாது. 90 செ.மீ. விட்டமுள்ள மக்னோலியாவுக்கு 10.8 மீட்டர். அந்த வட்டத்தில் பாதை போனால், மண்ணை வெட்டாமல் மேலே மரச் சில்லுகளைப் பரப்புங்கள். 8 முதல் 10 செ.மீ. கனம் போதும், அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பெரிய சைப்ரஸ்களை ஒவ்வொரு பருவமழைக்கும் முன்னும் பின்னும் பாருங்கள். அடியில் காளான் தட்டு, ஒரு பக்கம் மண் எழும்பிய வெடிப்பு, புதிதாகச் சாய்ந்த உச்சி ஆகியவை தெரிந்தால் அதன் கீழ் யாரையும் விடக் கூடாது. வெட்ட வேண்டியிருந்தால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். பதிவேடும் தேதியிட்ட படங்களும் கையில் இருந்தால் விண்ணப்பம் சிக்கலில்லாமல் போகும். உயிருள்ள மரபுக்குச் சாவும் உண்டு. அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் விழுந்தது. விழுதுகள் இருந்ததால் மரம் இன்றும் நிற்கிறது. உங்கள் மக்னோலியாவுக்கு விழுது கிடையாது. அதனால் இப்போதே பதியன் போடுங்கள். கமேலியாவைப் பாதி முற்றிய தண்டு வெட்டியோ காற்றுப் பதியனிலோ எடுக்கலாம். காட்டுப்பூவரசு விதை தூசு போல இருக்கும். மண்ணில் புதைக்காமல் ஈரப் பாசி மேல் தூவ வேண்டும். ஒவ்வொரு பழஞ்செடிக்கும் மூன்று வாரிசு, அதில் ஒன்று வேறு தோட்டத்தில். வரிசையில் ஒரு கமேலியா போனால் அதே வகையையே அதே இடத்தில் வையுங்கள், நர்சரியில் கிடைத்த வண்ணத்தை வைக்காதீர்கள்.

இப்போது வாசல். பழந்தோட்டங்களுக்கென்று 1981-இல் உருவான ஃபிளாரன்ஸ் சாசனம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: தோட்டம் பார்க்கவும் நடக்கவும் உருவானது, ஆனால் அதன் பரப்பும் நலிவும் தாங்கும் அளவுக்கே அனுமதிக்க வேண்டும். மே மாத ஞாயிறன்று உங்களிடம் அந்த அளவுதான் இல்லாமல் போனது. இங்கிலாந்தில் 1927-இல் நேஷனல் கார்டன்ஸ் ஸ்கீம் தொடங்கியபோது 609 தனியார் தோட்டங்கள் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு திறந்தன. சேர்ந்தது 8,191 பவுண்டு. வீட்டுக்காரர்கள் அங்கேயே வசித்துக்கொண்டு ஆண்டில் சில நாள் மட்டும் திறக்கும் அந்த முறை இன்றும் நடக்கிறது. பொதுமக்களுக்குத் திறந்த தோட்டம் என்றால் தினமும் திறந்திருக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை.

முதல் ஆண்டு பன்னிரண்டு நாள் போதும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் முதல் வாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். முன்பதிவு மட்டும். ஒரு குழுவுக்கு 15 பேர், ஒரு வழிகாட்டி, 90 நிமிட நடை, 45 நிமிடத்துக்கு ஒரு குழு. எந்த நேரத்திலும் உள்ளே 30 பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். காலை 10 மணிக்குத் தொடங்கி நான்கு குழு, பிற்பகல் 2 மணியிலிருந்து இரண்டு. கடைசிக் குழு 4.15-க்கு வெளியே. நாளுக்கு 90 பேர், ஆண்டுக்கு 1,080. தலைக்கு 200 ரூபாய் என்றால் 2.16 லட்சம். முன்னே போட்ட 18 லட்சக் கணக்கோடு இதை வைத்துப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நாள் ஒதுக்கிக் கட்டணம் இல்லாமல் விடுங்கள். அறக்கட்டளையின் பொதுநோக்கத்துக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

4.15-க்கு முடிக்கச் சொல்வது காட்டு மாட்டுக்காக. பொழுது சாயும்போது அவை தேயிலையிலிருந்து இறங்கும். வழியை வேலி போட்டு அடைத்தால் கல் கட்டில் ஏறி இறங்கி இடித்துவிடும். அவை வழக்கமாகப் போகும் தடத்தைத் திறந்தே விட்டு, பார்வையாளர் பாதையை அதிலிருந்து தள்ளி வையுங்கள். காலையில் வாசல் திறக்கும் முன் ஒருவர் முழுத் தோட்டத்தையும் நடந்து பார்த்துவிட வேண்டும்; கரடி, சிறுத்தைத் தடம் இருந்தால் அன்று திறக்கக் கூடாது. மழைமானி ஒன்று வையுங்கள். 24 மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் மறுநாள் வாசல் மூடல். யார் பணம் கட்டியிருந்தாலும் இது மாறாது என்று டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

புதிய டிக்கெட் கூண்டு, கழிப்பறை, பார்க்கிங் எதையும் கட்டாதீர்கள். உங்கள் கிராமம் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணைய) பட்டியலில் இருந்தால் அந்த அனுமதியே பல மாதம் இழுக்கும். தோட்டத்துக்கும் அது கேடு. பழைய கார் ஷெட்டோ குதிரை லாயமோ இருந்தால் அதற்குள்ளேயே கழிப்பறையை அமையுங்கள். பஸ் வேண்டாம், கீழே ரோட்டில் இறங்கி நடந்து வரச் சொல்லுங்கள், முதியவர்களுக்கு மட்டும் ஒரு ஜீப். சக்கர நாற்காலிக்கு ஒரு அடுக்கையாவது முழுதாகச் சுற்றிவர வழி செய்யுங்கள். சரிவு 12-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது.

காப்பீடு இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாதீர்கள். ஏஜென்ட்டிடம் கேட்கும்போது கவனம்: 1991-ஆம் ஆண்டின் பப்ளிக் லையபிலிட்டி இன்சூரன்ஸ் சட்டம் அபாயகரமான பொருள்களைக் கையாளும் தொழிலுக்கானது. உங்களுக்கு வேண்டியது பார்வையாளர் விபத்துக்கான சாதாரணப் பொதுப் பொறுப்பு பாலிசி. மரம், கிளை, சுவர் விழுவதும் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஆய்வுப் பதிவேடு இல்லாவிட்டால் கம்பெனி இழப்பீட்டை மறுக்க இடம் கிடைத்துவிடும்.

கல்யாணத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் கேட்டு வருவார்கள், பன்னிரண்டு நாள் வசூலை ஒரே நாளில் தருவதாகவும் சொல்வார்கள். பந்தல் முளை, ஜெனரேட்டர், லாரி, ஒரே இடத்தில் நானூறு பேர் எல்லாமே வேர்மண்ணின் மேல்தான் வந்து இறங்கும். எங்கள் கருத்து, வேண்டாம் என்பதே. பணம் தேவையென்றால் உங்கள் பழஞ்செடிகளின் பதியனை விற்கலாம். அதே தாய்ச்செடியின் நாற்று வேறெங்கும் கிடைக்காது.

புல்தரைக்கு இப்போது செய்ய வேண்டியது: உரம் போடாதீர்கள், மிதிபட்டு இறுகிய மண்ணில் அது வேருக்குப் போகாது. கவட்டைக் கடப்பாறையால் ஒரு சாணுக்கு ஒரு குத்து, 10 செ.மீ. ஆழம். ஆற்று மணலும் சலித்த மக்கு உரமும் சம அளவில் கலந்து விரல் கனத்துக்கும் குறைவாகத் தூவித் துடைப்பத்தால் துளைக்குள் இறக்குங்கள். கிக்குயுப் புல்லாக இருந்தால் இரண்டு மழையில் மூடிவிடும். ஆனால் பாத்திக்குள் ஊர்ந்துவிடும், ஓரத்தை மாதம் ஒருமுறை வெட்டுங்கள். இனிக் குழுக்களைப் புல்லில் நிற்க வைக்காமல் பாதையிலேயே நிறுத்துங்கள்.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது வில்லங்கச் சான்று, 1951 கிரயப் பத்திரம், பட்டா, அப்பாவின் வாரிசுச் சான்று நான்கையும் எடுத்துப் போங்கள். நிலத்தின் எந்தப் பகுதியாவது தேயிலைத் தோட்டம் என்று நில உச்சவரம்பில் விலக்குப் பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதன் பயன்பாட்டை மாற்றும் முன் தனி அனுமதி வேண்டும். தம்பியிடம் பேசுவதை அதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ் மூலம் அவருக்கு முதல் சேதி போகக் கூடாது.